ரீச்சர்ட மகன் கனடாவில எஞ்சினியர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்டா எங்கட வீட்டில ஒரு ஒழுங்கு இருக்கு. ஆறு மணிக்குக் கொஞ்சம் முதலே அம்மா முகம் கழுவி, விபூதி பூசி, போனைச் சார்ஜில இருந்து கழட்டி மடியில வைச்சுக்கொண்டு முன் விறாந்தையில வந்து இருந்திடுவா. பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேக்கிற நேரம் தம்பியின்ர வீடியோ கோல் வரும். ரொறன்ரோவில அப்ப காலமை ஏழரை, கோடையில எட்டரை. கண் சிவந்து, முகம் வீங்கி, தலை கலைஞ்சு போய் இருப்பான். "பாவம் பிள்ளை, எழும்பின கையோட முகம் கூட கழுவாம அம்மாக்குத்தான் எடுக்கிறான்" எண்டு பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவா.

அவன் எழும்பி எடுக்கேல்ல. படுக்கப் போக முதல் எடுத்தவன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி காலமை ஏழு மணி வரைக்கும் ஒரு குளிர்களஞ்சியத்தில பெட்டி அடுக்கிப் போட்டு, பஸ்ஸில வந்து, சப்பாத்தைக் கழட்டின கையோட எடுத்தவன். ஒரு வருசமா எங்களுக்கு இது தெரியாது.

தம்பி பேராதனையில சிவில் எஞ்சினியரிங் 2012ல முடிச்சவன். 2009ல கிண்ணியா பாலம் திறந்த நேரம் கம்பஸ் லீவில வந்து நிண்டவன், 396 மீட்டர் நீளம், இலங்கையிலயே நீளமான பாலம் எண்டு சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போய் நடுவில நிப்பாட்டி, தூண் எப்பிடி இறக்கினவங்கள் எண்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினவன். அதுக்கு முதல் நாங்கள் பாதைப் படகில ஏறித்தான் அந்தக் கடலைத் தாண்டினது. படிச்சு முடிச்சு ஒரு கொன்ட்ராக்ட் கம்பனியில ஆறு வருசம், மூதூர், வெருகல் பக்கம் ரோட்டும் மதகும் கட்டின வேலை. 2018 மார்ச்சில கனடா பிஆர், நிரந்தரமா இருக்கிற அனுமதி, கிடைச்சுப் போனான். அண்டைக்கே, அம்மாவிட்டப் படிச்ச ஊர் முடிவெடுத்திட்டுது, ரீச்சர்ட மகன் கனடாவில எஞ்சினியர் எண்டு.

எனக்கு விசயம் வெளிச்சது அவன்ர விரலைப் பாத்து. 2019 கடைசியில ஒரு நாள் கோல் கதைச்சுக்கொண்டிருக்கேக்க தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினான், நாலு விரல் நுனியிலயும் பிளாஸ்டர். பின்னால கதிரையில செம்மஞ்சள் நிறத்தில வெள்ளிக்கோடு போட்ட மேலங்கி ஒண்டு தொங்குது. அம்மாவும் கண்டிட்டா. "அது என்ன ராசா உடுப்பு?" "சைட்டுக்குப் போடுறது அம்மா." அம்மா நம்பினா, ஏனெண்டா இங்கயும் அவன் சைட்டுக்கு அப்பிடி ஒண்டு போட்டவன்தானே. எனக்கு அந்தப் பிளாஸ்டர் நெஞ்சுக்குள்ள குத்திக்கொண்டே இருந்தது. அண்டைக்கு இரவு தனிய எடுத்துக் கேட்டன். கன நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, அட்டைப்பெட்டி வெட்டுற கத்தி பட்டது. அம்மாக்குச் சொல்லாதேங்கோ" எண்டான்.

நான் செய்யிற தொழில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. பஸ் ஸ்டாண்டில இருந்து நடந்து வாற தூரத்தில சின்னக் கடை, ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின். பிறப்புச் சான்றிதழ், கலியாண சேர்டிபிக்கட், பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் இங்கிலிஷில மாத்தி சீல் குத்திக் குடுக்கிறது. 2022ல நாட்டில காசு முடிஞ்ச நேரம், டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போன நேரம், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரம், என்ர கடைக்கு வந்த சனத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். எஞ்சினியர், அக்கவுண்டன், லாப் டெக்னீசியன், ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார், கம்பஸ் லெக்சரர். கரண்ட் வாற நேரத்துக்கு வந்து வரிசையில நிண்டவை, இரவு ஒரு மணிக்கும் பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்கிறன். அவை எல்லாரிட்டயும் ஃபைல் நிறையப் பேப்பர் இருந்தது, ஆனா அந்தப் பேப்பர் அங்க எந்த அளவுக்குச் செல்லும் எண்டது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தம்பியின்ர கதை தெரியும்வரைக்கும் தெரியாது.

அவன் எனக்கு விளங்கப்படுத்தின விதத்திலயே சொல்லுறன். கனடாவுக்குள்ள போற கதவும் வேலைக்குள்ள போற கதவும் வேற வேற. முதலாவது கதவு மத்திய அரசாங்கத்தின்ர. 2015 ஜனவரியில இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி எண்டு ஒண்டு ஓடுது, வயசுக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி, இங்கிலிஷுக்குப் புள்ளி. 29 வயசு வரைக்கும் வயசுக்கு முழுப் புள்ளி, 30ல இருந்து குறைஞ்சு குறைஞ்சு 45ல பூச்சியம். எங்கட டிகிரியை அங்கத்தைய டிகிரிக்குச் சமம் எண்டு பாத்துச் சொல்லுறதுக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுக்க வேணும், தம்பிக்கு அது வந்த நேரம் நாங்கள் வீட்டில பாயாசம் காய்ச்சினம், கனடா இவன்ர டிகிரியை ஏத்துக்கொண்டிட்டுது எண்டு. அந்த அறிக்கை குடிவரவுப் புள்ளிக்கு மட்டும்தான். வேலை குடுக்கிறவனை அது கட்டுப்படுத்தாது, லைசன்ஸ் குடுக்கிறவனையும் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது கதவு மாகாணத்தின்ர. ஒன்டாரியோவில லைசன்ஸ் இல்லாம ஒருத்தர் தன்னை எஞ்சினியர் எண்டு போட்டுக்கொண்டா அது சட்டப்படி பிழை. அந்த லைசன்ஸுக்கு அவன் போன நேரத்தில 48 மாச வேலை அனுபவம் கேட்டவை, அதில 12 மாசமாவது கனடாவில, லைசன்ஸ் உள்ள ஒரு எஞ்சினியருக்குக் கீழ செய்திருக்க வேணும். அந்த 12 மாசத்துக்கு ஒரு வேலை வேணும். வேலைக்குப் போனா முதல் கேள்வி கனடா எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கலியாணம், கலியாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும் எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா, அதைச் சட்டமா எழுதி வைச்ச மாதிரி.

2014ல எங்கட நாட்டு எஞ்சினியர்மார் நிறுவகம் வொஷிங்டன் அக்கோர்ட்டில முழு உறுப்பினரா வந்திட்டுது, எங்கட டிகிரியை மற்ற உறுப்பு நாடுகள் படிப்பளவில சமமா எடுக்கும் எண்டதுதான் அதின்ர கருத்து, நல்ல விசயம், ஆனா அதுக்கு முன்னம் படிச்சு முடிச்சவைக்கு அது தன்ர பாட்டில பொருந்தாது. தம்பி 2012. இரண்டு வருசத்தில தவறிப்போச்சு. பொருந்தினாலும் அது படிப்புக்குத்தான், அனுபவத்துக்கு இல்லை.

முதல் எட்டு மாசம் இருநூறுக்குக் கிட்ட சிவி அனுப்பினவன். இரண்டு இடத்தில கூப்பிட்டவை. ஒரு இடத்தில நல்ல மரியாதையாக் கதைச்சு, கடைசியில "உங்கட அனுபவம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கத்தைய அனுபவம் இல்லையே" எண்டு கை குடுத்து அனுப்பினவை. கொண்டுபோன காசு கரைஞ்சு வாடகைக்குத் தட்டுப்பாடு வந்தாப் பிறகு வேர்ஹவுஸ் வேலைக்குப் போட்டவன், அங்கயும் கூப்பிடேல்ல. அப்ப ஒரு பெடியன் சொல்லிக் குடுத்திருக்கிறான், சிவியில இருந்து டிகிரியை எடு, இவ்வளவு படிச்சவன் நிலைக்கமாட்டான் எண்டு யோசிப்பாங்கள். எடுத்தான். பேராதனையில படிச்ச நாலு வருசத்தையும், சைட்டில வெயிலில நிண்ட ஆறு வருசத்தையும் அழிச்சுப்போட்டு பள்ளிக்கூடத்து ஓஎல், ஏஎல் பரீட்சை மட்டும் வைச்சு அனுப்ப, மூண்டாம் நாள் வேலை கிடைச்சது.

இதைச் சொல்லேக்க அவன் அழேல்ல. நான்தான் அழுதனான். எங்கட ரெண்டு அறை வீட்டில, அப்பா கடைசியா வருத்தமாக் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு, லாம்பு வெளிச்சத்தில கணக்குச் செய்து படிச்ச படிப்பு அது. இந்த நாட்டில 1945ல இருந்து இலவசக் கல்வி, மீன் விக்கிறவர் கட்டின வரியிலயும்தான் ஒரு எஞ்சினியர் வாறான். அவன் இங்கயும் இல்லை. அங்கயும் அவனை ஆரும் எஞ்சினியராப் பாவிக்கேல்ல. அப்ப அந்தப் படிப்பு எங்கதான் போச்சு? வெருகலில மழைக்கு ரோட்டு அறுத்துக்கொண்டு போகேக்கயெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும்.

பேர் விசயத்தையும் சொல்ல வேணும், ஏனெண்டா இது என்ர மேசையிலயே தொடங்குற பிரச்சினை. எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, தகப்பன்ர பேர் முன்னுக்கு, பிள்ளையின்ர பேர் பின்னுக்கு. பாஸ்போட்டில அது குடும்பப் பேர் எண்ட கட்டத்துக்குள்ள ஒரு மாதிரி ஏறும், டிகிரி சேர்டிபிக்கட்டில முதலெழுத்து மட்டும் இருக்கும், ஓஎல் சேர்டிபிக்கட்டில பள்ளிக்கூடத்தில ஆரோ எழுதின எழுத்தில இன்னொரு மாதிரி இருக்கும். "சி"க்கு ஒரு இடத்தில ஒரு எழுத்து, இன்னொரு இடத்தில எச் சேத்து. எங்களுக்கு ஒரே ஆள். கொம்பியூட்டருக்கு மூண்டு ஆள். எத்தினையோ பேரைச் சமாதான நீதவானிட்ட அனுப்பி, இது மூண்டும் நான்தான் எண்டு சத்தியக்கடதாசி எடுப்பிச்சிருக்கிறன். 2004 சுனாமியில எல்லாப் பேப்பரும் போய், திருப்பி எடுத்த கொப்பியில வேற எழுத்தில பேர் வந்த ஆக்கள் இன்னும் பாவம். தம்பியை அங்க வேலையில அப்பாவின்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறவை. செத்த மனுசன்ர பேரை ஒரு சுப்பவைசர் பெட்டி தூக்கச் சொல்லிக் கூப்பிடுறதைக் கேக்கிற நேரம் என்னமோ மாதிரி இருக்கும் அக்கா எண்டான்.

இதில இன்னொரு பக்கமும் இருக்கு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில பிலிப் ஒரியோபூலஸ் எண்டு ஒரு பொருளியல் பேராசிரியர், கற்பனையா 13,000 அளவில சிவி தயாரிச்சு உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பாத்தவர், 2011ல அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரே மாதிரிக் கனடாப் படிப்பு, ஒரே மாதிரிக் கனடா அனுபவம், பேர் மட்டும் மாத்தம். இங்கிலிஷ்காரப் பேர் போட்டதுக்கு, இந்திய, பாகிஸ்தான், சீனப் பேர் போட்டதை விடக் கிட்டத்தட்ட 40 வீதம் கூடுதலா அழைப்பு வந்திருக்கு. இதைத் தம்பிக்கு நான் அனுப்பி வைச்சன். வாசிச்சுப்போட்டு அவன் எழுதின பதில் ஒரு வரி: "அப்ப நான் மட்டும் இல்லை." எவ்வளவு காலமா அந்தப் பிள்ளை தன்னிலதான் ஏதோ குறை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறான் எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சு.

மிஸ்ஸிமாருக்கு வேற மாதிரி. இங்க அரசாங்க நேர்ஸிங் ஸ்கூலில மூண்டு வருச டிப்ளோமா, அங்க கியூபெக் தவிர்ந்த இடங்களில பதிவுபெற்ற நேர்ஸா வாறதுக்குக் கன காலமா டிகிரி கேட்டவை, அதுக்கு மேல 2015ல இருந்து என்கிளெக்ஸ் பரீட்சை. பதினைஞ்சு வருசம் ஐசியூவில நிண்ட மிஸ்ஸிக்கும் முதல்ல பேப்பரைத்தான் பாப்பினம். டொக்டர்மார் பெரும்பாலும் இதைத் தெரிஞ்சுதான் கனடாப் பக்கம் போகாம இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகினம், கனடாவில பரீட்சை பாஸ் பண்ணினாலும் ஆஸ்பத்திரியில பயிற்சி இடம் கிடைக்கிறது கஷ்டம், அந்த இடம் இல்லாம பெரும்பாலும் லைசன்ஸ் இல்லை. டொக்டர்மாருக்குள்ள இந்தக் கதை ஒருத்தர் வாயில இருந்து மற்றவர் காதுக்குப் போகுது. மற்ற ஆக்களுக்குள்ள போறதில்லை. அதுதான் எனக்குக் கவலை, அதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறன். எங்கட சனம் வெளிநாட்டுக் கஷ்டத்தை ஊருக்குச் சொல்லாது. போனவன் வெக்கத்தில சொல்லமாட்டான், வீட்டுக்காரர் தெரிஞ்சாலும் மூடி வைப்பினம், தங்கச்சிக்குக் கலியாணம் பேசேக்க "அண்ணன் கனடாவில எஞ்சினியர்" எண்டது ஒரு சீதனம் மாதிரி. அப்ப அடுத்ததாப் போறவனுக்கு என்ன தெரியும்? ஏஜென்சிக்காரன் சொல்லுறது மட்டும்தான். நானும் தெரிஞ்சாப் பிறகு இன்னும் நாலரை வருசம் அம்மாவுக்கும் சொல்லேல்ல, கடைக்கு வந்தவைக்கும் சொல்லேல்ல. 2022ல அந்த வரிசையில நிண்ட எத்தினை பேருக்கு நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அது இப்பவும் என்னை உறுத்துது.

2021ல தம்பிக்கு ஒரு மண், கொங்கிறீற் பரிசோதிக்கிற இடத்தில டெக்னீசியன் வேலை கிடைச்சது. கம்பஸில இரண்டாம் வருசப் பெடியள் செய்யிற, கொங்கிறீற் எவ்வளவு இளக்கம் எண்டு பாக்கிற ஸ்லம்ப் டெஸ்ட்டை அவன் குளிருக்குள்ள நிண்டு செய்து, சிலிண்டரைத் தூக்கி வானில ஏத்தினவன். சம்பளம் வேர்ஹவுஸை விடப் பெரிசாக் கூட இல்லை, ஆனா மேல இருந்தவர் லைசன்ஸ் உள்ள எஞ்சினியர், நல்ல மனுசன். பிறகு சட்டமும் மாறத் தொடங்கினது. 2013லயே ஒன்டாரியோ மனித உரிமை ஆணைக்குழு கனடா எக்ஸ்பீரியன்ஸ் கேக்கிறது பாகுபாடு எண்டு கொள்கை வெளியிட்டது, ஆனா கொள்கை வேற சட்டம் வேற. 2021 கடைசியில மாகாணம் சட்டம் போட்டது, 2023 மே மாசம் எஞ்சினியர் லைசன்ஸுக்கு அந்த 12 மாசக் கட்டாயத்தை எடுத்துப்போட்டவை. 2026 ஜனவரி 1ல இருந்து, 25 பேருக்குக் குறையாம வேலை செய்யிற இடங்கள் பொது விளம்பரத்தில கனடா எக்ஸ்பீரியன்ஸ் வேணும் எண்டு போடவும் ஏலாது. விளம்பரத்தில போடாட்டியும் மனசுக்குள்ள வைச்சிருக்கலாம், அது எனக்கும் தெரியும். எண்டாலும் எழுத்தில இல்லாமப் போனது பெரிய விசயம்.

அப்ப கனடா அனுபவம் கட்டாயம் இல்லை எண்டா இங்கத்தைய அனுபவத்தை நிரூபிக்க வேணும். இங்கதான் எங்கட பக்கத்துப் பிழை வருது. தம்பியின்ர பழைய கம்பனி குடுத்த சர்வீஸ் லெட்டரை எடுத்துப் பாத்தன். இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரை வேலை செய்தார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். முடிஞ்சுது. ஆறு வருசத்துக்கு இரண்டு வரி. என்ன வேலை செய்தவன், கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், என்ன சம்பளம், ஆருக்குக் கீழ, ஒண்டும் இல்லை. அங்க குடிவரவுக்கே கடமைகளை விபரமா எழுதின கடிதம்தான் கேக்கிறவை, லைசன்ஸுக்கு அதை விட நுணுக்கமா, நீ எடுத்த தீர்மானம் என்ன, அதின்ர விளைவு என்ன எண்டு ஒவ்வொண்டாக் கேப்பினம்.

நாங்கள் ரெண்டு பேரும் இரவிரவா இருந்து அதை எழுதினம், அவன் போனில சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சன். அவன் முதலில எழுதி அனுப்பினதைப் பாத்தா எல்லா இடத்திலயும் "நாங்கள்". நாங்கள் அளந்தோம், நாங்கள் திருத்தினோம். வெருகல் பக்கத்து மதகு ஒண்டின்ர கதை அதில இருந்தது. வரைபடத்தில மூண்டு குழாய் போடச் சொல்லி இருந்திருக்கு, மாவலித் தண்ணி பெருகி வாற காலத்தில அது காணாது எண்டு கணக்குப் பாத்து, பெட்டி மதகா மாத்தக் கேட்டு, மாத்திக் கட்டினது.

"இதை ஆர் கண்டுபிடிச்சது?"

"எங்கட டீம்தான் அக்கா."

"டீமில ஆர்?"

"...நான்தான். அங்க ஒரு ஐயா வெள்ளம் எந்த மரம் மட்டும் வரும் எண்டு காட்டினவர். அந்த உயரத்தை வைச்சுப் பாத்தனான்."

"அப்ப நான் எண்டு எழுது."

"அப்பிடி எழுத ஒரு மாதிரி இருக்கு."

எங்களை அப்பிடித்தான் வளத்தவை, தன்னைத் தானே சொல்லக்கூடாது எண்டு. இன்டர்வியூவில அங்க இருக்கிறவன் நான் செய்தன், நான் செய்தன் எண்டு சொல்ல, இவன் நாங்கள் நாங்கள் எண்டு சொல்ல, இவன் ஒண்டும் செய்யேல்ல எண்டு அவை நினைக்கிறது அவையின்ர பிழை மட்டும் எண்டு சொல்லேலாது. அண்டைக்கு 41 இடத்தில "நாங்கள்" எண்டதை "நான்" எண்டு மாத்தினன். அவனுக்கு மேல இருந்த பழைய எஞ்சினியர் இப்ப கந்தளாயில இளைப்பாறி இருக்கிறார், நானே பஸ் ஏறிப் போய்க் கண்டனான், முழுக்க வாசிச்சு, அந்த மதகு பந்தியில நிண்டு, "ஓம், அந்தத் தம்பிதான் கண்டுபிடிச்சவர்" எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சவர்.

2024ல அப்பாவின்ர திவசத்துக்குத் தம்பி வந்தவன். ஆறு வருசத்துக்குப் பிறகு. திவசம் முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரம், அம்மா குசினியில மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கேக்க, பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில இருந்து எல்லாத்தையும் சொன்னான். இரவு வேலை, பெட்டி, கத்தி, அழிச்ச டிகிரி, எல்லாம். அம்மா கத்தியை வைச்சிட்டு அவன்ர கையை எடுத்து ஒவ்வொரு விரலாத் தடவிப் பாத்தா. பிறகு கேட்டா, "அப்ப ஞாயிற்றுக்கிழமைகளில என்னோட கதைச்சிட்டுத்தான் படுக்கிறனியோ? நான் ஒரு மணித்தியாலம் வைச்சிருந்து கதைச்சனானே."

அவன் சட்ட, ஒழுக்கப் பரீட்சை பாஸ் பண்ணிட்டான், லைசன்ஸ் இன்னும் கைக்கு வரேல்ல, ஃபைல் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு சொல்லுறான்.

போன மாசம் அம்மாவோட மீன் வாங்கப் போனன். அம்மாவிட்ட முந்திப் படிச்ச ஒரு பிள்ளையின்ர தாய் கண்டிட்டு, "ரீச்சர், மகன் கனடாவில எஞ்சினியராத்தானே இருக்கிறார், என்ர மூத்தவனும் போடப்போறான்" எண்டா. நான் பேச்சை மாத்தப் பாத்தன். அம்மா பாரை மீன் பையை மற்றக் கைக்கு மாத்திப்போட்டு, வகுப்பில கதைக்கிற அதே குரலில, பக்கத்தில நிண்டவைக்கும் கேக்க, "இன்னும் எஞ்சினியர் இல்லை. லைசன்ஸுக்குப் போட்டிருக்கிறான். கன நாள் இரவில களஞ்சியத்தில பெட்டி தூக்கினவன். உங்கட மகன் போக முதல் என்ர மகளிட்ட ஒருக்கா வந்து பேப்பரைக் காட்டச் சொல்லுங்கோ" எண்டா.

திங்கட்கிழமை காலமை கடை திறக்கேக்கயே அந்தப் பெடியன் வாசலில ஃபைலோட நிண்டான். மின்சார எஞ்சினியர், ஏழு வருச அனுபவம். உள்ளுக்க கூப்பிட்டு இருத்தி, முதல் வேலையா சர்வீஸ் லெட்டரை எடுத்துப் பாத்தன். இரண்டு வரி.